உள்ளே என்ன போகுது?

சுற்றுகிற கருவி பொதுவாக வட்டத்தைத்தான் விட்டுச்செல்லும். ஆனாலும் சதுர ஓட்டையின் தேவை உலகத்தில் குறையவேயில்லை. கோவை கணபதிப் பக்கத்தில் நான் நடத்தும் சின்னப் பட்டறைக்கு, "ஏனுங்க, சதுர ஓட்டை போட்டுத் தருவீங்களா?" என்று யாராவது வரைபடத்தோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் வால்வின் கைச்சக்கரத்தைத் திருப்பும்போது அது ஸ்பிண்டிலில் வழுக்கக் கூடாது என்றால், இரண்டும் சதுரத்தில் கோத்திருக்க வேண்டும். லேத் சக்கைத் திறக்கும் சாவி, டூல் போஸ்ட் சாவி, அரை இன்ச் சாக்கெட் ஸ்பானர், சைக்கிள் பெடலின் கிராங்க், எல்லாவற்றிலும் இதே கதைதான். வட்டத்தில் வட்டத்தை வைத்தால் வழுக்கும். சாவிக்கட்டை போட இடம் இருக்காது. நாலு தட்டைப் பக்கம் இருந்தால் திருப்புவிசையை வேறு துணையில்லாமல் கடத்திவிடும்.

நான் தொழில் படித்தது ஒரு டூல் ரூமில். எங்கள் மேஸ்திரி வரைபடத்தை வாங்கியதும் அளவைப் பார்க்கமாட்டார். "கண்ணு, இதுக்குள்ள என்ன போகுதுன்னு கேட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. உள்ளே போகும் சதுரக் கம்பியின் விளிம்பு கூராக இருக்கிறதா, சீவிவிட்டதா? அது ஒருமுறை அடித்து இறுக்கிவிடுவதா, தினமும் போய்வருவதா? துளை அடிவரை ஊடுருவுமா, பாதியில் நிற்குமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவுசெய்யலாம். சதுரத் துளையில் நாலு பக்கமும் சுலபம். வேலை முழுக்க மூலையில் இருக்கிறது. உளி, அரம், ப்ரோச், டிரில், மின்பொறி என்று மனிதர்கள் கண்டுபிடித்த ஒவ்வொரு வழியும் அந்த மூலையை எப்படிக் காலிசெய்வது என்பதற்கான ஒரு பதில்தான். எந்தப் பதிலும் இலவசமில்லை.

அரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தொழிலும் அங்கேதான் தொடங்கியது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த எவருக்கும் அந்தப் பயிற்சி நினைவிருக்கும். ஒரு தட்டில் சதுரத் துளை, இன்னொரு துண்டில் சதுரக் கட்டை. கட்டை துளைக்குள் நாலு திசையிலும் திருப்பிப் போட்டாலும் போக வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. ஒரு திசையில் மட்டும் போகிற கட்டையைச் செய்துவிடலாம். நாலு திசையிலும் போவதற்குப் பக்கங்கள் சமமாகவும் மூலைகள் நேராகவும் மையம் மையத்திலும் இருந்தாக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 12 மி.மீ. சதுரம் வேண்டுமென்று 12 மி.மீ. டிரில் போட்டால், சதுரத்தின் பரப்பில் ஏறக்குறைய 79 சதவீதம் ஒரே நிமிஷத்தில் போய்விடும். மிச்சம் 21 சதவீதம் நாலு மூலையிலும் முக்கோணம் முக்கோணமாக நிற்கும். சதுரத்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 17 மி.மீ.; ஆக ஒவ்வொரு மூலையிலும் இரண்டரை மி.மீ. ஆழத்துக்கு உலோகத்தை எடுக்க வேண்டும். அந்த 21 சதவீதத்துக்குத்தான் கூலி. அனுபவப்பட்டவர்கள் 12-க்கு 12.2 டிரில் போடுவார்கள். பக்கங்களின் நடுவில் மயிரிழை அளவு குழிவு தெரியும். பிடிமானத்துக்கு அதனால் குறைவே இல்லை, அரம் இழுக்கும் நேரம் மட்டும் கணிசமாகக் குறையும்.

மூலைக்குள் வேலைசெய்யும் அரத்தை அப்படியே கடையில் வாங்க முடியாது. சதுர அரத்தின் ஒரு முகத்தைக் கிரைண்டரில் தேய்த்துப் பல்லில்லாமல் செய்துகொள்ள வேண்டும். அதையும் சரியாக 90 டிகிரிக்குத் தேய்க்காமல், ஓரிரு டிகிரி உள்வாங்கித் தேய்க்க வேண்டும். அப்போதுதான் ஒரு பக்கத்தை அராவும்போது பல் மூலையின் அடிவரை போகும். முடித்து வைத்த அடுத்த பக்கத்தைத் தொடாது. ஸ்மூத் அரத்தில் சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் பிசிறு பல்லிடுக்கில் அடைந்து பரப்பைக் கீறாது. கட்டையில் மார்க்கிங் புளூ தடவி மெல்லத் தள்ளிப் பார்த்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் அராவ வேண்டும். ஒட்டாத இடத்தில் ஓர் இழுப்பு இழுத்தாலும் அது இடைவெளியாகிவிடும். எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

ஒன்று இரண்டு துண்டு என்றால் இன்றைக்கும் நான் அரத்தைத்தான் எடுக்கிறேன். பத்து இருபது என்றால் டிரிஃப்ட்.

டிரிஃப்ட் என்பது பல் வைத்த சதுர ஆப்பு, தள்ளுகிற வகை ப்ரோச். எங்களுக்கு அதிகம் தேவைப்பட்டது போரிங் பாருக்கு. லேத்தில் உள்விட்டம் கடையும் அந்தத் தண்டின் நுனியில், மூணு நூல் சதுர எச்.எஸ்.எஸ். பிட் குறுக்கே நுழைந்து நிற்க வேண்டும். (கோவைப் பட்டறைகளில் இன்னும் எட்டு நூல் ஓர் இன்ச், மூணு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் மூன்று பங்கு.) தண்டே ஓர் இன்ச் கனம்தான். அந்த இடத்தில் அரத்தை நீட்டி இழுக்கச் சௌகரியம் இல்லை. ஓ.எச்.என்.எஸ். எஃகுச் சதுரக் கம்பியை எடுத்து, நுனி டிரில் துளைக்குள் நுழையும்படி மூலைகளைச் சீவி, அங்கிருந்து மேலே போகப்போக மூலை வளரும்படி பல் பல்லாக வெட்டுவோம். ஒவ்வொரு பல்லும் முந்தைய பல்லைவிட 0.05 மி.மீ. அளவே உயர்ந்திருக்க வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் முக்கியம்: வெட்டிய பிசிறு போய் உட்கார அதுதான் இடம். பள்ளம் போதாவிட்டால் பிசிறு நெரிந்து, பல் நொறுங்கும். பல் இடைவெளியும் அதிகமாகக் கூடாது. எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பல்லாவது துளைக்குள் இருந்தால்தான் டிரிஃப்ட் சாயாமல் நேராக இறங்கும். பிறகு 800 டிகிரி பக்கம் சூடேற்றி எண்ணெயில் இறக்கி, வைக்கோல் நிறம் வரும்வரை மெல்ல டெம்பர் செய்து, நுனியை ஸ்டோனில் தீட்டினால் கருவி தயார்.

மேலே சொன்ன 12 மி.மீ. சதுரத்துக்கே கணக்குப் போட்டால், மூலைக்கு இரண்டரை மி.மீ., பல்லுக்கு 0.05, ஐம்பது பல் வேண்டும். அத்தனையும் ஒரே கம்பியில் வைத்தால் அது நீளமாகி, பிரஸ்ஸில் தள்ளும்போது வளைந்துவிடும். அதனால் இரண்டு மூன்று டிரிஃப்டாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுவோம். பெரிய ஆலைகளில் இதையே தள்ளாமல் இழுக்கிறார்கள். இழுக்கிற ப்ரோச் வளையாது. ஒரு மீட்டருக்கு மேலும் நீளலாம். ஒரே இழுப்பில் வட்டம் சதுரமாக வெளியே வரும். அந்த ப்ரோச்சின் விலையை ஆயிரக்கணக்கான துண்டுகளில் பங்கிட முடிந்தால்தான் கட்டும்.

ப்ரோச்சைப் பற்றி வாடிக்கையாளருக்கு நான் எப்போதும் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. அது துளையின் மையத்தை மாற்றாது. டிரில் போட்ட வழியேதான் போகும். டிரில் கோணலாகப் போயிருந்தால் சதுரமும் கோணல்தான். மையத்தைப்போலவே திசையும் முக்கியம். தண்டில் ஒரு தட்டைப் பக்கமோ சாவிக்காடியோ இருந்து, சதுரம் அதற்கு இணையாக நிற்க வேண்டுமென்றால், ப்ரோச்சுக்கு ஒரு வழிகாட்டிப் புஷ் செய்து கட்டாமல் வேலையைத் தொடக் கூடாது. ஒரு டிகிரி திரும்பிப் போனாலும், நீளமான கைப்பிடியின் நுனியில் அது விரற்கடைக் கோணலாகத் தெரியும்.

வால்வுக் கைச்சக்கரம் போன்ற வார்ப்புகளில் ஃபவுண்டரிக்காரர்களே மணல் கோர் வைத்துச் சதுரத் துளையோடு வார்த்து அனுப்புவார்கள். பார்க்கச் சுலபமாகத் தெரியும். வார்ப்பிரும்பின் மேல்தோல் மணல் ஒட்டியும் சீக்கிரம் ஆறியும் கல்லாக இறுகியிருக்கும். முதல் பல் அதில் பட்டாலே மழுங்கும். அதனால் அப்படிப்பட்ட துளையில் முதலில் பழைய டிரிஃப்ட்டைத் தள்ளித் தோலை உடைத்துவிட்டுத்தான் நல்ல டிரிஃப்ட்டைக் கையில் எடுப்போம். எஃகுக்கு எண்ணெய் வேண்டும். வார்ப்பிரும்பை உலர்வாகவே தள்ளலாம், அதன் கிராஃபைட்டே போதிய வழவழப்பு தரும்.

பெரிய சதுரங்களுக்கு ஸ்லாட்டிங் மெஷின். மேலும் கீழும் போய்வரும் ஒரு தலையில் உளி, கீழே சுழல்மேசை. ஒரு பக்கம் முடிந்ததும் மேசையை 90 டிகிரி திருப்பினால் அடுத்த பக்கம். சத்தமும் வேகக்குறைவும் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது வயது மெஷின் ஒன்று என் பட்டறையில் இன்றும் ஓடுகிறது.

மரவேலைக்காரர்கள் இந்தக் கணக்கை எங்களுக்கு வெகு முன்பே தீர்த்துவிட்டார்கள். நிலைச்சட்டத்தின் நாக்கு நுழைய, ஆசாரி உளியையும் கொட்டாப்புளியையும் வைத்துச் சதுரத் துளை எடுப்பதை நின்று பார்த்திருக்கிறேன். இரு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாக இறங்குவார். மறுபக்கம் பிளந்துபோகாமல் இருக்க அதுதான் வழி. இதை இயந்திரமாக்கியதன் வரலாறு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் இருக்கிறது. பாய்மரக் கப்பல்களுக்கு மரக் கப்பிகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. ஒவ்வொரு கப்பியிலும் உருளை உட்கார நீளத்துளை வேண்டும். மார்க் புருனெல் வடிவமைக்க, லேத் தொழிலின் மூதாதை என்று நாங்கள் மதிக்கும் ஹென்றி மாட்ஸ்லி கட்டிக்கொடுத்த இயந்திரங்கள் 1800-களின் முதல் பத்தாண்டில் அங்கே வேலைக்கு வந்தன. 45 இயந்திரங்கள், ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். முன்பு 110 பேர் செய்ததைப் பத்துப் பேர் செய்தார்கள். துளை எடுத்த முறையைப் பாருங்கள்: முதலில் வட்டமாக ஒரு துளை, பிறகு மேலும் கீழும் போய்வரும் உளி. நான் இன்று ஸ்லாட்டிங் மெஷினில் செய்வதும் அதுதான்.

இன்றைய தச்சுப் பட்டறையில் இருக்கும் மார்ட்டைசர் அந்த இரண்டு வேலையையும் ஒரே கருவிக்குள் அடக்கிவிட்டது. வெளியே உள்ளீடற்ற ஒரு சதுர உளி, அது சுற்றாது. உள்ளே ஒரு திருகு பிட், அது சுற்றும். நெம்புகோலை அழுத்தினால், பிட் நடுவை வட்டமாக எடுத்துக்கொண்டே முன்னே போகும். கூடவே இறங்கும் உளியின் நாலு மூலைக் கூர்மைகளும் மிச்சத்தைச் சீவி உள்ளே தள்ளும். பிட்டின் திருகுப்பள்ளம் அந்தச் செதிலை மேலே தூக்கி உளியின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக வெளியே கொட்டும். மூலையை உளிக்கும் நடுவைத் திருகுக்கும் பிரித்துக்கொடுத்த இந்த யோசனையை மிஞ்சிய ஒன்றை மரவேலைக் கருவிகளில் நான் பார்த்ததில்லை.

அதை அமைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிட்டின் வாய் உளியின் நுனியைவிட ஒன்று ஒன்றரை மி.மீ. வெளியே நீட்டி நிற்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் இரண்டும் உரசி, உளி நீலமாகி, டெம்பர் போய்விடும். அதிகமாக நீட்டினால் செதில் பெரிதாகி உள்ளே அடைத்துக்கொள்ளும். உளியின் முகம் வேலித்தடுப்புக்குச் சரியாக இணையாக இல்லாவிட்டால், அடுத்தடுத்து எடுக்கும் துளைகள் ரம்பப்பல்லாக வரும். தேக்கில் மணல்சத்து உண்டு. உளி சீக்கிரம் மழுங்கும். உள்சரிவைக் கூம்புக் கல்லால் தீட்ட வேண்டும், வெளிமுகத்தைத் தொடவே கூடாது, தொட்டால் அளவு குறைந்துவிடும். மழுங்கிய மார்ட்டைசர் உளிகளைத் தீட்டித் தரச் சொல்லித் தச்சுப் பட்டறைக்காரர்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். பெரும்பாலானவற்றில் கோளாறு உளியில் இருக்காது. பிட்டின் நீட்சியில் இருக்கும்.

இரும்பில் இப்படி ஒரு டிரில் கிடையாதா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: உண்டு. நான் அதை முதலில் கண்டது ஒரு பழைய அமெரிக்கக் கருவிப் பட்டியல் புத்தகத்தில். ஹாரி ஜேம்ஸ் வாட்ஸ் என்ற ஆங்கிலேயர் பென்சில்வேனியாவில் இருந்தபோது 1914-இல் வடிவமைத்தது. வில்மர்டிங் ஊரில் இருந்த வாட்ஸ் பிரதர்ஸ் டூல் ஒர்க்ஸ் 1916 முதல் அந்த டிரில்களை விற்றது. 1917-இல் காப்புரிமையும் கிடைத்தது. அதன் அடிப்படை, ஜெர்மன் பொறியியலாளர் ஃபிரான்ஸ் ரூலோவின் பெயரால் வழங்கும் ஒரு வடிவம். சமபக்க முக்கோணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையையும் மையமாக வைத்து எதிர்ப்பக்கத்துக்கு வில் வரையுங்கள். பக்கங்கள் உப்பிய முக்கோணம் கிடைக்கும். அதன் விசேஷம், எந்தத் திசையில் அளந்தாலும் அகலம் ஒன்றே. அதனால் அதே அகலமுள்ள ஒரு சதுரத்துக்குள் அதைப் போட்டால், நாலு பக்கத்தையும் தொட்டுக்கொண்டே அது முழுச் சுற்றும் சுற்றும்.

ஆனால் அது சுற்றும்போது அதன் மையம் ஓரிடத்தில் நிற்காது. பிட் வலமாக ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் மையம் இடமாக மூன்று முறை சுற்றிவந்துவிடும். மையத்தின் பாதையும் வட்டமல்ல. நீள்வட்டத்தின் நாலு வில்களைக் கோத்த பாதை. சாதாரண டிரில் சக்கில் மாட்டினால் இது நடக்காது, ஏனென்றால் சக் மையத்தைப் பிடித்து நிறுத்திவிடும். வாட்ஸின் சாமர்த்தியம் சக்கில் இருந்தது: சுழற்சியை மட்டும் கடத்தி, பக்கவாட்டில் மிதக்க விடும் சக். பிட் எங்கே மிதக்கலாம் என்பதைச் சொல்ல, வேலைத்துண்டின்மேல் இறுகிய எஃகில் சதுரத் துளை போட்ட ஒரு வழிகாட்டித் தட்டு.

நானும் டூல் ரூம் நண்பர்களும் ஒருசமயம் இதைச் செய்தே பார்த்துவிடுவது என்று இறங்கினோம். 12 மி.மீ. சதுரத்துக்கு, முனையிலிருந்து மையம் வரை 6.93 மி.மீ.; ஆக 14 மி.மீ. உருளைக் கம்பியிலிருந்து முக்கோணம் எடுத்தோம். மூன்று பக்கமும் 12 மி.மீ. ஆரமுள்ள வில். வெட்டும் விளிம்புக்குப் பின்னால் பிசிறுக்கு இடம் விட்டுப் பள்ளம் எடுத்தோம். மிதக்கும் சக்குக்குப் பதிலாக ஓல்டாம் கப்ளிங்: ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு காடிகளில் நகரும் தட்டு. மையம் ஒரு மி.மீ. அளவுக்குத்தான் விலகும் என்பதால் அது தாராளமாகப் போதும். வழிகாட்டித் தட்டுக்கு வந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. சதுரத் துளை போடும் டிரில்லுக்கு முதலில் ஒரு சதுரத் துளை வேண்டும். அதை ஒயர்கட்டில் எடுத்து வாங்கினோம்.

முதலில் சாதாரண டிரில்லால் 11.5 மி.மீ. துளை போட்டுவிட்டு, மெதுவான வேகத்தில் வார்ப்பிரும்பில் இறக்கினோம். பிட் நடுங்குவதுபோலத் தெரிந்தது. தட்டைக் கழற்றிப் பார்த்தால் நாலு பக்கமும் நேர்க்கோடு. அன்று பட்டறையில் இருந்த எல்லோரும் வந்து கையில் வாங்கிப் பார்த்தார்கள். இத்தனை ஆண்டு தொழிலில் நான் கண்ட அழகான இயக்கம் அதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

மூலைதான் மீண்டும் பதில் கேட்டது. ரூலோ முக்கோணம் சதுரத்தின் 98.77 சதவீதத்தை எடுத்துவிடும். மிச்சம் ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. காகிதத்தில் அது அற்பம். துளையில் அது இப்படி இருக்கும்: 12 மி.மீ. பக்கத்தில், மூலைக்கு 1.6 மி.மீ. முன்பே கோடு வளையத் தொடங்கும். மூலையின் உச்சியில் குறுக்காக 0.6 மி.மீ. உலோகம் நிற்கும். கூர்விளிம்புள்ள 12 மி.மீ. டூல் பிட் அதற்குள் போகாது. விளிம்பு சீவிய வால்வு ஸ்பிண்டில் தாராளமாகப் போகும். மேஸ்திரியின் கேள்விக்கு மறுபடி வந்துவிடுகிறோம். எங்களுக்கு வேண்டியிருந்தது டூல் பிட்டுக்கு. மூலையை அரத்தால்தான் முடித்தோம். இந்த டிரில் ஏன் எல்லாப் பட்டறையிலும் இல்லை என்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அளவுக்கு ஒரு பிட், அளவுக்கு ஒரு தட்டு, தனிச் சக், இவ்வளவுக்குப் பிறகும் வளைந்த மூலை. துண்டின் எடை அதிகம், ப்ரோச் பிரஸ்ஸுக்கு அதைக் கொண்டுபோக முடியாது, துளை பாதியில் நிற்க வேண்டும் என்ற நிலையில் மட்டும் அதற்கு நியாயம் உண்டு.

பாதியில் நிற்கும் துளைக்கு இன்று பெரும்பாலும் ரோட்டரி ப்ரோச். கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் இயந்திரக் கண்காட்சியில் முதன்முதலாக அது வேலைசெய்வதைப் பார்த்தபோது அரைமணி நேரம் அந்த அரங்கைவிட்டு நகரவில்லை. சதுர முகமுள்ள கருவி, லேத்தின் அச்சுக்கு ஒரே ஒரு டிகிரி சாய்ந்து, தாங்கியில் தடையின்றிச் சுழலும்படி நிற்கும். சுழலும் வேலைத்துண்டைத் தொட்டதும் கருவியும் கூடவே சுழலத் தொடங்கும். சாய்வினால், தரையில் விழுந்த காசு அடங்கும்முன் ஆடுவதுபோல அதன் முகம் ஆடும்; ஒரு நேரத்தில் ஒரு மூலை மட்டும் ஆழமாக இறங்கி வெட்டும். முழுச் சதுரத்தையும் ஒரேயடியாக அழுத்தத் தேவையான பல டன் விசை, மூலை மூலையாகப் பிரிந்து, சின்ன லேத்தே தாங்கும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சில நொடிகளில் துளை முடியும். அறுகோணம் இதற்கு வசதி. சதுரத்தில் மூலையில் எடுக்க வேண்டியது அதிகம், ஆகவே முன்துளையைப் பக்க அளவைவிடக் கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும். பிசிறு அடியில் தங்கும் என்பதால் முன்துளை ஆழமாகவும் இருக்க வேண்டும். அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு ஆழத்துக்கு மேல் நான் போவதில்லை.

சின்ன அளவில், உலோகத்தை வெட்டாமலேயே தள்ளி ஒதுக்கும் வழியும் உண்டு. கனடாவைச் சேர்ந்த பி. எல். ராபர்ட்சன் திருகாணித் தலையில் சதுரக் குழியைக் குளிர்நிலையிலேயே பஞ்சால் அழுத்தி எடுத்தார். 1909-இல் காப்புரிமை பெற்றார். குழி உள்ளே போகப்போகச் சற்றுக் குறுகும். உலோகம் கிழியாமல் நகர அந்தச் சரிவே உதவும், திருப்புளியும் அதில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

இறுகிய எஃகுக்கு இவை எதுவும் உதவாது. அங்கே மின்பொறிதான். சோவியத் நாட்டில் லாசரென்கோ தம்பதியர் 1943-இல் வழிகாட்டிய முறை இன்று கோவையின் ஒவ்வொரு தெருவிலும் ஒயர்கட் என்ற பெயரில் ஓடுகிறது. 0.25 மி.மீ. பித்தளைக் கம்பி, அது துண்டைத் தொடாமல் பொறியாலேயே உலோகத்தைத் தின்றுகொண்டு போகும். மூலையில் கம்பியின் ஆரமும் பொறியின் இடைவெளியும் சேர்ந்து 0.15 மி.மீ. வளைவு நிற்கும், கண்ணுக்குக் கூர்மூலைதான். துளை ஊடுருவியிருக்க வேண்டும், கம்பி நுழைய முன்துளை வேண்டும். பாதித் துளை என்றால் செம்பிலோ கிராஃபைட்டிலோ சதுர எலெக்ட்ரோடு செய்து எண்ணெய்க்குள் முக்கி இறக்க வேண்டும்.

அப்படியானால் எல்லா மூலையையும் கூராகவே எடுத்துவிடலாமே என்று இளம் வடிவமைப்பாளர்கள் நினைக்கிறார்கள். கணினித் திரையில் மூலையைக் கூராக வரையச் செலவே இல்லை. அடுப்பிலிருந்து எடுத்து எண்ணெயில் இறக்கும்போது தெரியும். எச்.சி.எச்.சிஆர். எஃகில் செய்த ஒரு டை பிளேட், சதுரத் துளையின் மூலையிலிருந்து வெளிவிளிம்புவரை குறுக்காக விரிசல் விட்டு நின்றதை என் கையால் எடுத்திருக்கிறேன். அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் வரைபடத்தில் கூர்மூலை என்றே அடம்பிடித்திருந்தார்கள். எஃகு ஆறிச் சுருங்கும் இழுவிசை முழுதும் கூர்மூலையில் வந்து குவியும். விரிசல் அங்கேதான் தொடங்கும். அரை மி.மீ. வளைவு இருந்திருந்தால் பிளேட் பிழைத்திருக்கும். கூர்விளிம்புள்ள ஒன்று உள்ளே போயே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது: நாலு மூலையிலும் முதலில் 3 மி.மீ. டிரில்லால் துளை போட்டுவிட்டு, பிறகு நடுவை எடுப்பது. மூலை வெளியே வளைந்துவிடும். விளிம்புக்கும் இடம் கிடைக்கும், விரிசலுக்கும் தொடக்கம் இருக்காது, மூலைக்கு அரமும் தேவையில்லை. இதைச் சொல்லிக்கொடுக்கப் பட்டறைகளுக்கு மட்டும் நேரம் இருக்கிறது; கல்லூரிகள் வரைபடத்தோடு நின்றுவிடுகின்றன என்ற மனக்குறை எனக்கு உண்டு.

சமீபத்தில் ஓர் இளம் பொறியாளர் வந்தார். 304 ஸ்டெயின்லெஸ் கம்பியில் 10 மி.மீ. சதுரம், 60 மி.மீ. ஆழம், அடி மூடியிருக்க வேண்டும். "எலெக்ட்ரோடு போட்டு இறக்கிடலாங்களா அண்ணா?" என்றார். போடலாம், அவ்வளவு ஆழத்தில் எலெக்ட்ரோடு தேயும், அழுக்கு வெளியே வராது, செலவு துண்டின் விலையை எங்கேயோ தூக்கிக்கொண்டு போகும். அந்த ஆழத்துக்கு ரோட்டரி ப்ரோச்சும் போகாது. உள்ளே என்ன போகுது என்று கேட்டேன். விளிம்பு சீவிய சதுரத் தண்டு, முன்னும் பின்னும் நகர மட்டும்தான், சுற்றாது என்றார். "தம்பி, அப்ப துளையே போட வேண்டாமே" என்று சொல்லி, தாளில் வரைந்து காட்டினேன். கம்பியின் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கி, மில்லிங்கில் 10 மி.மீ. எண்ட்மில்லால் மேலிருந்து 10 மி.மீ. ஆழமுள்ள காடி எடுக்க வேண்டும். நுனியில் எண்ட்மில் விட்ட அரைவட்டத்துக்கு முன்னாலேயே தண்டு நின்றுவிடும்படி காடியை 5 மி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். காடியின்மேல் ஒரு மூடித்தகட்டை வைத்து ஓரங்களில் டிக் வெல்டிங். நாலு மூலையும் கூராக, நேராக, கண்ணால் பார்த்துச் சரிபார்த்த பிறகு மூடப்படும். வெல்டிங் சூட்டில் தகடு இழுபடாமல் இருக்க, உள்ளே 10 மி.மீ. செம்புக் கட்டையைச் செருகி வைத்து, மாற்றி மாற்றிப் புள்ளி வைத்துக்கொண்டு போனோம். ஆறியபின் செம்பை உருவினோம்; தண்டு கையழுத்தத்திலேயே உள்ளே போய் வந்தது. முதல் துண்டை அவர் எடுத்துக்கொண்டு போனார். மிச்சம் இருபது துண்டுக்கு மூடித்தகடு வெட்டிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு இந்த வாரக் கடைசியில் வேண்டுமாம்.